கரைக்கு வந்த இரண்டு புள்ளிகள்

எங்கள் பள்ளியில் அறிவியல் தினத்துக்கு ஆண்டுதோறும் ஒரு பட்டிமன்றம் நடக்கும். தலைப்பை மாற்றலாம் என்று நானும் பலமுறை சொல்லிப் பார்த்தேன். ‘அறிவியல் வளர்ச்சி ஆக்கமா, அழிவா?’ என்பதை விட்டுத் தலைமையாசிரியை இறங்கி வரமாட்டார். ஆக்கத்துக்கு மூன்று பிள்ளைகள், அழிவுக்கு மூன்று பிள்ளைகள், அறிவியல் டீச்சர் என்பதால் நடுவர் நான். தீர்ப்பு எல்லோருக்கும் முன்பே தெரியும். ஆக்கமே, ஆனால் அளவோடு பயன்படுத்த வேண்டும். அந்த அளவு எவ்வளவு என்று இதுவரை ஒரு பிள்ளையும் கேட்டதில்லை. தோற்ற அணிக்கும் ஆளுக்கொரு சாப்பாட்டு டப்பா பரிசாகக் கொடுத்து அனுப்பிவிடுவோம்.

தீர்ப்பே வராத பட்டிமன்றம் ஒன்று என் வீட்டில் நடந்துகொண்டிருந்தது. நான் ராமேஸ்வரம் தீவில், தங்கச்சிமடத்தில் பிறந்து அங்கேயே வாழ்க்கைப்பட்டவள். அண்ணனும் கணவரும் ஆளுக்கொரு சின்ன ஃபைபர் படகு வைத்துக்கொண்டு கடலுக்குப் போனார்கள். அந்தப் படகுகளுக்கெல்லாம் ஒரு வெள்ளைப் பெட்டி கொடுத்தார்கள். படகு எங்கே நிற்கிறது, எந்தப் பக்கம் போகிறது என்று அது வானத்தின் வழியாகக் கரைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். ஆபத்து என்றால் அதிலுள்ள பொத்தானை அழுத்தினால் தேடி ஆள் வரும். டிரான்ஸ்பாண்டர் என்பது அதன் பெயர். எங்கள் கரையில் அதற்குக் கண்காணி என்று பெயர் வைத்துவிட்டார்கள். தேயிலைத் தோட்டங்களுக்கு ஆள் போன காலத்தில், தலைக்கு மேல் நின்று வேலை வாங்கியவனுக்கு இருந்த பெயர் அது.

என் கணவருக்குக் கண்காணியைக் கண்டாலே ஆகாது. இரவுச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் அந்தப் பேச்சுதான்.

“டீச்சர், நான் எங்க போறேன்னு ஒனக்கே சொல்றதில்ல. மொகந் தெரியாதவனுக்கு எதுக்குச் சொல்லணும்?” என்பார். என்னை அவர் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். கேலியும் பெருமையும் பாதிப் பாதி.

“முங்கிப் போனா யாரு வந்து தூக்குவா?”

“முங்குறவன் கை பலகையத் தேடுமா, பொத்தானத் தேடுமா?”

“பொத்தான் பக்கத்துல இருந்தா அதத்தான் தேடணும்.”

“அப்ப நீ கடலுக்குப் போ. நான் போயிப் பாடம் எடுக்குறேன்.”

எங்கள் மகள் அப்போது ஏழாம் வகுப்பு. இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்துச் சிரிப்பாள்.

அவருக்கு இலங்கை எல்லையைத் தாண்டும் பிரச்சினை எதுவும் இல்லை. அவர் மறைக்க விரும்பியது ஒரு பாரை. கடலுக்கடியில் பாறை மேடாக எழும்பி நிற்கும் இடத்தைப் பார் என்போம். மீன் அங்கேதான் அடையும். அவருடைய அப்பா கண்டுபிடித்த ஒரு பார் தென்கடலில் இருந்தது. கரையில் ஒரு மாதா கோயில் உச்சியையும் ஒரு பனையையும் ஒரே நேரில் வைத்து, இன்னொரு பக்கம் வேறு இரண்டு அடையாளங்களை நேரில் வைத்து, அவை சேரும் இடத்தில் நங்கூரம் போடுவார்கள். எந்த உச்சி, எந்தப் பனை என்பதை அப்பன் மகனுக்கு மட்டும் சொல்வான். பெண்டாட்டிக்குச் சொல்வதில்லை, மச்சானுக்குச் சொல்வதில்லை. கேட்பதும் மரியாதை இல்லை. அடுத்தவன் பாரைக் கேட்பது அடுத்த வீட்டு அடுப்பைத் திறந்து பார்ப்பதற்குச் சமம் என்று என் அப்பாவே சொல்லியிருக்கிறார். எங்களுக்கு இருந்தது ஒரே மகள். “நீ பெரியவளானதும் ஒனக்குச் சொல்லித் தாரேன்” என்று அவளிடம் சொல்லியிருந்தார். விளையாட்டாகச் சொன்னாரா, உண்மையாகவா என்று தெரியாது.

“கரையில உக்காந்து அந்தத் திரையப் பாக்குறவனுக்கு ஒரு மச்சான் இருப்பான். அந்த மச்சான் வலக்காரனா இருப்பான். அடுத்த நாளு என் பார் மேல பத்து வல கெடக்கும்” என்பது அவர் கட்சி.

நானே ஒருநாள் அவர் கட்சிக்கு வலு சேர்த்துவிட்டேன். எங்கள் பள்ளியில் வகுப்பறைக்கெல்லாம் கேமரா வைக்கப் போவதாகப் பேச்சு வந்தது. ஆசிரியர் அறை இரண்டாகப் பிரிந்தது. கணக்கு சார் கேமரா வேண்டும் என்றார்; தப்புச் செய்யாதவனுக்கு என்ன பயம் என்பது அவர் கேள்வி. தமிழம்மாவோ, கதவைச் சாத்திக்கொண்டு சேலை மாற்றுவது தப்புச் செய்வதற்காகவா என்று திருப்பிக் கேட்டார். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது என்றும் சேர்த்துக்கொண்டார். நான் அதை வீட்டில் வந்து சொல்ல, என் கணவர் சோற்றுக் கையோடு எழுந்து நின்றுவிட்டார்.

“பாத்தியா, கோர்ட்டே சொல்லிருச்சு.”

“அது ஆளுக்கு. ஒங்க பாருக்கு இல்ல.”

“என் பாரு எனக்கு அந்தரங்கம்” என்றார். அதன்பின் கொஞ்ச நாள் வீட்டில் எதற்கெடுத்தாலும் அந்தரங்கம்தான். சட்டைப் பையில் என்ன என்று கேட்டால் அந்தரங்கம். மகள்கூட மதிப்பெண்ணைக் கேட்டால் அந்தரங்கம் என்றாள்.

ஆனால் படகில் பெட்டி மாட்டியபின் அவர் அதைப் பற்றிப் பேசுவது குறைந்துபோனது. வாதத்தில் நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனி மாதம், பள்ளி திறந்த புதிது. மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்று இரண்டு நாள் தணிந்திருந்ததால் படகுகள் போயின. அவர் சாயங்காலம் புறப்பட்டார். அண்ணனும் போனார். மறுநாள் காலையில் அண்ணன் படகு வந்துவிட்டது என்று கேள்விப்பட்டு, அவரும் வந்திருப்பார், ஏலக்கூடத்தில் நிற்பார் என்று நான் பள்ளிக்குப் போய்விட்டேன். மதியத்துக்கு மேல் காற்று ஏறியது. வகுப்பறை ஜன்னல்கள் அடித்துக்கொண்டன. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால், காலையில் அவருக்கு மூடி வைத்த சாப்பாடு அப்படியே இருந்தது.

நானும் அண்ணனும் மீனவர் சங்கத்துக்காரர் ஒருவரும் மீன்வளத்துறை அலுவலகத்துக்குப் போனோம். அங்கிருந்தவர் படகின் எண்ணைக் கேட்டுக் கணினியில் தட்டிப் பார்த்தார். முகம் தெளிந்து என்னிடம் திரும்பினார்.

“படகு காலையிலயே கரைக்கு வந்துருச்சேம்மா. இந்தா பாருங்க. எங்கயாவது சொந்தக்காரங்க வீட்டுக்குப் போயிருப்பாரு.”

எனக்கு உயிர் வந்தது. அதைச் சொல்லத்தான் வேண்டும். கொஞ்ச நேரம், அலுவலக வாசலில் இறங்கிச் செருப்பை மாட்டும் வரைக்கும், நான் சந்தோஷமாக இருந்தேன். வரட்டும், ஒரு பாட்டம் திட்டிவிடலாம் என்றுகூட நினைத்தேன். அண்ணன் முகத்தைப் பார்த்தபின்தான் நின்றேன்.

“தங்கச்சி, அந்தப் பெட்டி அவருகிட்ட இல்ல. எங்கிட்ட இருந்துச்சு. மீன் பட்டா மதியம் வரைக்கும் நிப்பாரு, வந்துருவாருன்னு இருந்துட்டேன்” என்றார் அண்ணன்.

இருவரும் பேசி வைத்துச் செய்த காரியம் அது. பாம்பனுக்கு முன்னால் அவர் பெட்டியைக் கழற்றி அண்ணன் படகில் வைத்துவிடுவார். அண்ணன் அதை வாங்கிக்கொண்டு வடகடலில் தொழில் பார்ப்பார். இவர் பாலத்துக்கு அடியில் நுழைந்து தென்கடலில் தன் பாருக்குப் போவார். கரைக்கு வந்தபின் பெட்டியைத் திரும்ப மாட்டிக்கொள்வார். திரையில் பார்ப்பவனுக்கு இரண்டு படகுகள் விடியும்வரை அக்கம்பக்கமாக நின்று மீன் பிடித்துக் காலையில் சேர்ந்தே கரைக்கு வரும். மாமன் மச்சான் ஒற்றுமை என்று நினைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

“இப்ப உள்ள போயிச் சொல்லுங்கண்ணே” என்றேன்.

“சொன்னா ரெண்டு படகு லைசென்சும் போயிரும். மொதல்ல ஆளத் தேடுவோம். இன்னும் வெளிச்சம் இருக்கு.”

சங்கத்துக்காரரும் அதையே சொன்னார். கரைக்காரர்களிடம் மட்டும் உண்மையைச் சொல்லி ஏழெட்டுப் படகுகள் அந்தக் காற்றிலும் தென்கடலுக்குப் போயின. போனவர்கள் அண்ணனிடம் கேட்டார்கள், எந்த இடம் என்று. அண்ணனுக்குத் தெரியவில்லை. பாரின் இடத்தை அவர் சொன்னதில்லை, இவர் கேட்டதும் இல்லை. பெட்டியை மட்டும் மரியாதையாகச் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறார். தெற்கே என்பது மட்டும் தெரியும். தென்கடலில் எல்லாமே தெற்கேதான்.

மறுநாளும் அதற்கு மறுநாளும் தேடினார்கள். நீலப் பெயிண்ட் அடித்த மிதப்புக் கேன் ஒன்று கிடைத்தது. அவருடையதாக இருக்கலாம். நீலப் பெயிண்ட் எங்கள் கரையில் பாதிப் பேரிடம் உண்டு.

அழுகை வரவில்லை. இன்றுவரை அதற்குக் காரணம் எனக்குத் தெரியாது. வீட்டில் கூடியவர்கள் என்னைப் பார்த்துப் பார்த்து அழுதார்கள். நான் அவர்களுக்குக் காப்பி போட்டேன். சீனி சரியாக இருக்கிறதா என்று கேட்டேன். அடுத்த திங்கட்கிழமை பள்ளிக்குப் போய், ஒளி நேர்கோட்டில் செல்லும் என்ற பாடத்தை நடத்தினேன். பிள்ளைகள் சத்தமே போடவில்லை. அந்த அமைதிதான் எரிச்சலாக இருந்தது.

அதன்பின் ஊரே பட்டிமன்றமாகிவிட்டது. டீக்கடை, ஏலக்கூடம், பஸ் நிறுத்தம், எங்கே நாலு பேர் நின்றாலும் கண்காணிதான். பெட்டி நல்லதா, கெட்டதா. கழற்ற மனிதனுக்கு உரிமை உண்டா, இல்லையா. சைக்கிளுக்கு லைட் இல்லையென்றால் பிடிப்பது போலத்தான் இதுவும் என்றார் ஒருவர். சைக்கிளின் லைட் போகிற இடத்தைப் போலீசுக்குச் சொல்லுமா என்றார் இன்னொருவர். எல்லோரும் நன்றாகத்தான் பேசினார்கள். நான் அருகே போனால் மட்டும் மழையைப் பற்றிப் பேசினார்கள்.

ராமநாதபுரத்தில் ஒரு வக்கீலைப் பார்த்தேன். ஆளும் கிடைக்காமல் உடலும் கிடைக்காமல் இருந்தால் ஏழு வருடம் கழிந்தபின்தான் இறந்தவராகச் சட்டம் எடுத்துக்கொள்ளும் என்றார். கடலில்தான் போனார் என்று நிரூபித்தால் அதற்கு முன்பே முடியும். ஆனால் படகு காலையில் கரைக்கு வந்துவிட்டதாக அரசாங்கப் பதிவு இருக்கிறதே, அதற்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டார். அதற்கு ஒரு மனிதன் நேரில் வந்து, பெட்டி என்னிடம் இருந்தது என்று சொல்ல வேண்டும். வக்கீல் நல்லவர். அண்ணன் பெயரைக் கேட்கவில்லை.

அண்ணனிடம் கேட்டேன். அண்ணன் தரையைப் பார்த்தார். அண்ணிதான் பேசினார்.

“அவரு போயிட்டாரு. இவரையுஞ் சேத்து முக்கிறாத. தொழிலுக்குப் போகக் கூடாதுன்னு நிப்பாட்டிப்புட்டா, நாங்க எங்கன போவோம்?”

அண்ணி சொன்னதில் தப்பில்லை. எனக்கு மாதச் சம்பளம் வருகிறது, அவர்களுக்குக் கடல்தான். ஆனாலும் நான் அண்ணன் வீட்டுப் படியை மிதிப்பதை நிறுத்திவிட்டேன். அண்ணன் தொழிலுக்குப் போய் வந்த நாளெல்லாம் என் வாசலில் ஒரு பையில் மீன் இருக்கும். வைத்துவிட்டுக் கதவைத் தட்டாமல் போய்விடுவார். முதல் நாள் தூக்கி எறியத்தான் எடுத்தேன். நல்ல நகரை மீன். மகளுக்குப் பிடிக்கும். குழம்பு வைத்தேன். மீன் மேல் கோபப்பட்டு என்ன ஆகப்போகிறது.

கல்லறைத் திருநாள் வந்தது. அன்றைக்கு எங்கள் ஊரில் கல்லறைகளைக் கழுவி, பூப் போட்டு, மெழுகுவத்தி ஏற்றிக் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருப்பார்கள். எங்களுக்கு உட்கார இடம் இல்லை. பங்குச் சாமியார் பூசையில் அவர் பெயரை வாசித்தார். முன்பெல்லாம் காணாமல் போனவர்கள் வரிசையில் வாசித்தவர், அன்று அந்த வரிசைக்கும் இறந்தவர்கள் வரிசைக்கும் நடுவில் ஒரு மூச்சு விட்டு வாசித்தார். நானும் மகளும் வாங்கிப்போன மெழுகுவத்தியை என் அப்பா கல்லறையில் ஏற்றிவிட்டு வந்தோம்.

“அப்பா வந்துட்டதாத்தான அந்த மெஷின்ல இருக்கு?” என்று மகள் வழியில் கேட்டாள்.

“ஆமா.”

“அப்ப அது அப்படியே இருக்கட்டும்மா.”

பதிவு அப்படியே இருந்ததால்தான், கடலுக்குப் போகாத ஊர்க்காரர்களிடம் வேறொரு கதை முளைத்தது. ஆள் கரைக்கு வந்திருக்கிறான், வந்தவன் எங்கோ போயிருக்கிறான். எங்கே? அதற்கு ஆளாளுக்கு ஒரு பதில். முதலில் கடன் என்றார்கள். அப்புறம் அக்கரையில், இலங்கைப் பக்கம், ஒரு குடும்பம் இருக்கிறது என்றார்கள். என் காதுக்கு நேராக வராது. பள்ளியில் பிள்ளைகள் என் மகளைப் பார்க்கும் பார்வையில் வந்தது. எனக்கு அப்போதுதான் முதன்முதலாகக் கோபம் வந்தது. அவர் மேல். பாரைக் காப்பாற்றப் போய்ப் பெயரை விட்டுவிட்டுப் போயிருக்கிறாரே என்று. சாப்பாட்டுத் தட்டைக் கழுவும்போது சத்தமாகத் திட்டினேன். அந்தரங்கமாம், அந்தரங்கம்.

தை மாதத்தில் ஒருநாள் காலை பள்ளிக்கு பஸ் ஏற நின்றிருந்தேன். நிறுத்தத்தை ஒட்டியே டீக்கடை. உள்ளே வழக்கமான வாக்குவாதம். அண்ணனும் ஓர் ஓரத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்காததுபோல் இருந்தார், நானும் அப்படித்தான். வியாபாரி ஒருவர், நான் நிற்பது தெரியாமல், சத்தமாகப் பேசினார்.

“மனுசன் பொய் சொல்லுவான்ப்பா. மெஷினு எதுக்குப் பொய் சொல்லப் போகுது? வந்திருக்கான்னு அது சொல்லுதுன்னா வந்திருக்கான். வந்துட்டு அங்கன அக்கரைக்கு, வச்சிருக்கிறவ வீட்டுக்குப் போயிட்டான். டீச்சரு பாவம், இங்கன சாமியாரு பூசையில பேரு வாசிக்க வச்சுக்கிட்டு இருக்கு.”

அண்ணன் டீ கிளாஸைப் பெஞ்சில் வைத்தார். பாதி டீ அப்படியே இருந்தது.

“மெஷினு பொய் சொல்லல. நாந்தான் சொன்னேன்” என்றார். “பெட்டி எம் படகுல இருந்துச்சு. எங்க மச்சான் தெக்கே போனாரு. வரல.”

கரைக்காரர்கள் எல்லோருக்கும் முன்பே தெரியும். ஆனாலும் வாய்விட்டுச் சொல்லிக் கேட்டதில்லை. கடைக்காரர் பால் பொங்கியதைக் கவனிக்காமல் நின்றார். வியாபாரி எதையோ தேடுவதுபோல் சட்டைப் பையைத் தடவினார். அண்ணன் வெளியே வந்து என் எதிரில் நின்றார்.

“லீவு சொல்லிட்டு வா. போயிட்டு வந்துருவோம்.”

அண்ணன் தன் வீட்டுப் பரணில், கிழிந்த வலைக்கு அடியில் அந்தப் பெட்டியை ஒளித்து வைத்திருந்தார். அரிசிப் பையில் போட்டு எடுத்து வந்தார். ராமநாதபுரம் வரை பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பாலத்தில் பஸ் போனபோது இரண்டு பக்கமும் கடல். நாங்கள் இருவரும் முன்னால் இருந்தவரின் முதுகைப் பார்த்துக்கொண்டு வந்தோம்.

ராமநாதபுரத்து மீன்வளத்துறை அலுவலகத்தில் இருந்தவர் இளம் வயது அதிகாரி. அண்ணன் சொன்னதை முழுதும் கேட்டார். நடுவில் ஒருமுறைகூடக் குரலை உயர்த்தவில்லை. சொன்னதை எழுதிக் கையெழுத்துப் போட்டால் அண்ணனைக் கொஞ்ச காலம் கடலுக்கு விடமாட்டார்கள், எவ்வளவு காலம் என்று மேலே இருப்பவர்கள் முடிவு செய்வார்கள் என்றார். அண்ணன் பேனாவைக் கேட்டார். பெட்டியைப் பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார். அதில் வலைநூல் ஒன்று ஒட்டியிருந்தது. அதைக் கிள்ளி எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டார்.

பதிவைத் திருத்துவதற்கு முன் ஒருமுறை பார்த்துவிடுங்கள் என்று அதிகாரி திரையை எங்கள் பக்கம் திருப்பினார். நீலத்தில் கடல். அதில் இரண்டு பச்சைப் புள்ளிகள். ஒன்று அண்ணன், மற்றது அவர். இரண்டும் வடகடலில் ஒன்றையொன்று ஒட்டி நின்றன, மெல்ல நகர்ந்தன, திரும்பின. பிறகு இரண்டும் சேர்ந்தே எங்கள் கரைக்கு வந்து நின்றன. நான் மகளை நினைத்துக்கொண்டேன். அவள் கேட்டது இதைத்தான். உலகத்தில் இந்த ஒரு இடத்தில் அவர் வீட்டுக்கு வந்திருக்கிறார்.

“திருத்திடலாமாம்மா?”

“இன்னொரு தடவ போடுங்க சார்.”

போட்டார். அவர் மறுபடியும் வந்தார். நான் பார்த்தேன்.

“திருத்துங்க” என்றேன்.

அதிகாரி ஏதோ தட்டினார். சரியாக இருக்கிறதா என்று பார்க்க மறுபடியும் முதலிலிருந்து ஓடவிட்டார். இந்த முறை ஒரு புள்ளிதான் இருந்தது. அது தனியாக நின்றது, தனியாக நகர்ந்தது, தனியாகக் கரைக்கு வந்தது. அண்ணன் திரையைப் பார்த்துக்கொண்டே வாய்விட்டு அழுதார். நான் அவர் முதுகில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.